பெட்ரோல் எங்கே போகிறது?

எங்கள் வீட்டுக் காருக்கு வயது இருபத்தேழைக் கடந்துவிட்டது. 1998ஆம் ஆண்டு மாடல் மாருதி 800. மலேசியாவிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்பிய அத்தா அவர்கள், 2004இல் காரைக்குடியில் ஒரு வழக்கறிஞரிடமிருந்து வாங்கியது. அத்தா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவர்களுடைய மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக! அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களில் இன்னும் அசைந்துகொண்டிருப்பது அந்தக் கார் ஒன்றுதான். மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெருவிலுள்ள ஒரு பிள்ளைதான் ஓட்டுகிறான். மாதம் இருமுறை அம்மாவை மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், அந்தப் பழைய கார் எங்களுக்கு ஆடம்பரமன்று. அம்மாவின் முதுகு பேருந்தைத் தாங்காது.

மதுரை போய்த் திரும்ப ஏறத்தாழ 180 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பதினொன்றேகால் லிட்டரில் பயணம் முடிந்துவிடும். சென்ற ஆண்டு அது பதின்மூன்றாயிற்று, பிறகு பதினைந்து, கடைசியில் பதினெட்டு. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில், மாதம் இரண்டு பயணத்துக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போயிற்று. மத்ரஸா ஆசிரியரின் மாத வருமானத்தில் ஆயிரத்து முந்நூறு ரூபாய் என்பது எவ்வளவு என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் என் மனத்தில் என்ன தோன்றியது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். கார் ஓட்டும் பிள்ளையின் மீது எனக்கு ஐயம் வந்தது. வாயால் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால், "எத்தனை லிட்டர்ப்பா போட்டே?" என்று நான் கேட்ட தொனியில் எல்லாம் இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சுப்ஹு தொழுகை முடிந்து வெளியே வரும்போது, எட்டு மாதத்துப் பெட்ரோல் பில்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அன்று காலை வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் நடத்த வேண்டிய பாடம், பிறரைப் பற்றித் தீய எண்ணம் கொள்ளலாகாது என்பது. புத்தகத்தைத் திறந்தேன், பாடம் நடத்த நா எழவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை: "பால்காரரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டுப் படியை அளந்து பார்க்க வேண்டாமா?"

அளப்பதுதான் முதல் மருத்துவம்

பழைய கார் வைத்திருப்போரில் பலர் "வண்டி நிறையக் குடிக்கிறது" என்று சொல்வார்கள். எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால் ரூபாயில் பதில் வரும். "ஐந்நூறுக்குப் போட்டேன், தேவகோட்டை போய் வந்தேன், முள் இறங்கிவிட்டது" என்பார்கள். டாங்கின் முள்ளை நம்பி மைலேஜ் கணக்கிடுவது, பானையின் ஓசையைக் கேட்டு அரிசியை அளப்பது போன்றது.

சரியான முறை எளியது. பெட்ரோல் பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை டாங்கை நிரப்ப வேண்டும். அதன்பின் ஒரு துளியும் திணிக்கக் கூடாது. மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டராவது ஓடிய பிறகு, அதே பங்க்கில், அதே குழாயில் மறுபடியும் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் வருவதே உண்மையான மைலேஜ். ஒரு முறை பார்த்தால் போதாது. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். எங்களுக்கு முதல் அளவில் 148 கிலோமீட்டருக்கு 14.6 லிட்டர் பிடித்தது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்! நான் உடன் உட்கார்ந்து பார்த்த அளவு இது. பிள்ளையின் பில்களும் இதே கணக்கைத்தான் சொல்லின.

அடுத்த ஐயம் பங்க்கின் மீது. இதற்கும் வழியுண்டு. எடையளவுத் துறையின் முத்திரை பெற்ற ஐந்து லிட்டர் அளவைக் கலம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரை கூடக்குறைய இருப்பது சட்டத்தால் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம். நாங்கள் கேட்டோம், முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார்கள், அளவு சரியாக இருந்தது. ஆக, இரண்டு பேர் மீது நான் கொண்ட ஐயம் இரண்டு நாளில் தீர்ந்தது.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. டயர் மாற்றும்போது அளவில் பெரிய டயரைப் போட்டுவிட்டால், கார் ஓடும் தூரத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டும். மைலேஜ் குறைந்ததுபோல் தோன்றும். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை.

பட்டறையில் ஒரு பெரியவர்

செக்காலைப் பகுதியில் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனோம். இதற்கு முன்பு வேறொரு பட்டறையில் இருமுறை "டியூனிங்" செய்து, செலவழித்த பணத்துக்குப் பலனில்லாமல் திரும்பியிருந்தோம். இந்தப் பெரியவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் தள்ளச் சொன்னார். எண்ணூறு சி.சி.க்கும் குறைவான எஞ்சின் கொண்ட அந்தச் சிறிய கார் எளிதில் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. "பாய், பெட்ரோல் எஞ்சினிலே மட்டும் எரியறதில்லே, பிரேக்கிலேயும் எரியும்" என்றார்.

பின்பக்கத்து இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினார். அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கின் கம்பி உறைக்குள் துருப்பிடித்து, விடுவித்த பிறகும் முழுதாகத் திரும்பாமல் பிரேக் ஷூவை டிரம்மோடு உரசவைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க, பிரேக் மறுபக்கம் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மதுரைப் பயணத்திலும் சண்டையிட்டிருக்கின்றன. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: அரை மணி நேரம் ஓட்டி வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது. தொட்டுப் பார்க்க வேண்டாம். சூடு தோலை உரித்துவிடும்.

டயர்களில் காற்றும் குறைவாக இருந்தது. கதவின் ஓரத்திலோ கையேட்டிலோ நிறுவனம் எழுதியிருக்கும் அளவில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றடிக்க வேண்டும். "கண்ணுக்குச் சரியா இருக்கு" என்பது அளவன்று.

கம்பி மாற்றி, பிரேக் சரிசெய்து, காற்றடித்து மறுபடியும் அளந்தோம். 152 கிலோமீட்டருக்கு 12.7 லிட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டு. பானெட்டைத் திறக்காமலேயே இரண்டு கிலோமீட்டர் திரும்ப வந்துவிட்டது!

கரியும் காற்றும்

அடுத்த வாரம் எஞ்சினைப் பார்த்தார். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தாலோ, பெட்ரோல் கூடினாலோ மிச்சப் பெட்ரோல் பாதி எரிந்து கரியாகவும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவாகவும் புகைக்குழாய் வழியே வெளியேறும். அடுப்பில் மண்ணெண்ணெய்த் திரி புகைந்து பாத்திரம் கரியேறுவதைப் பார்த்த நம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் சாட்சி ஸ்பார்க் பிளக். நன்றாக எரியும் எஞ்சினில் அதன் முனை இளம் பழுப்பு நிறத்தில் இருக்கும். வெண்மையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு ரப்பரோ தேய்ந்திருக்கிறது. எங்கள் காரின் மூன்று பிளக்குகளும் விளக்குக் கரி பூசியதுபோல் கறுத்து உலர்ந்திருந்தன. பெட்ரோல் மிகுதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால், அந்தச் சாட்சி ஆறு மாதமாகவே என் டாஷ்போர்டில் இருந்திருக்கிறது! புகைப் பரிசோதனைச் சான்றிதழைத்தான் சொல்கிறேன். போலீசாரிடம் காட்டுவதற்கு மட்டுமே அது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதிலே கார்பன் மோனாக்சைடு இத்தனை சதவீதம் என்று ஓர் எண் இருக்கும். 2000ஆம் ஆண்டுக்கு முந்திய பெட்ரோல் கார்களுக்கு அது 3 சதவீதம் வரை இருக்கலாம். பாரத் நிலை 2 கார்களுக்கு 0.5 சதவீதம்தான் எல்லை. எங்கள் பழைய சான்றிதழ்களை எடுத்து வரிசையாக வைத்தபோது, எண் 1.3இலிருந்து படிப்படியாக ஏறி 2.8இல் நின்றது. "தேர்ச்சி" என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன். கலைப் பட்டதாரி என்று பெயர்!

காற்று வடிகட்டியைத் தட்டியபோது நம் செட்டிநாட்டுச் செம்மண் ஒரு கைப்பிடி விழுந்தது. கையேடு சொல்லும் தவணை நகரத்துத் தார்ச்சாலைக்கு. செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு அதில் பாதித் தவணையிலேயே மாற்ற வேண்டும் என்றார் பெரியவர். விலை மிகச் சிறியது. டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயின்ட் தேய்ந்து இடைவெளி மாறியிருந்ததால் தீப்பொறி தாமதமாக விழுந்துகொண்டிருந்தது. அதையும் சரிசெய்து டைமிங் வைத்தார்.

இவற்றைவிடப் பெரிய குற்றவாளி கார்புரேட்டருக்குள் இருந்தது. அதிலே ஒரு சிறு தொட்டி. தொட்டியில் ஒரு மிதவை. மிதவையின் தலையில் ஓர் ஊசி வால்வு. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மிதவைப் பந்து குழாயை அடைக்கிறதல்லவா? அதே வேலைதான். ஊசியின் முனை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்ததால் குழாய் முழுதாக அடைபடாமல், தொட்டியின் மட்டம் உயர்ந்து, தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அத்துடன் ஜெட் எனப்படும் நுண்துளையில் யாரோ கம்பி விட்டுக் குடைந்திருக்கிறார்கள். முந்தைய "டியூனிங்" இரண்டின் பலன் இதுவாக இருக்கலாம். ஜெட்டைச் சுத்தம் செய்யக் காற்றும் அதற்குரிய திரவமும் போதும். கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும், பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் பெட்ரோல் குறையாது. ஊசி வால்வும் ஜெட்டும் கேஸ்கெட்டும் அடங்கிய ரிப்பேர் கிட் ஒன்று வாங்கிப் போட்டார். சோக் இழுக்கும் கம்பியும் முழுதாக உள்ளே போகாமல் கால் பங்கு நின்றது, எண்ணெயிட்டுச் சரிசெய்தார். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அதைத் தள்ள மறந்தே மதுரை வரை போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சிரித்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவதற்குப் பதிலாக மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாசனையும் வந்தால், பெட்ரோல் பம்ப்பின் டயாஃபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அந்த வண்டியை ஓட்டக் கூடாது, எஞ்சினே போய்விடும். காரை நிறுத்தும் இடத்தில் பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படித்தான். தீக்குச்சி கிழித்துத் தேடும் பழக்கம் சிலருக்கு உண்டு. டார்ச் விளக்கு மலிவு, உயிர் அப்படியன்று.

"சூடாகாமல் இருக்க" கழற்றிய பொருள்

மறுபடியும் அளந்தோம். பதினான்கு. எனக்கு மகிழ்ச்சி, பெரியவருக்கு இல்லை. "மதுரை போறப்போ டெம்பரேச்சர் முள் எங்கே நிக்குது?" என்று ஓட்டும் பிள்ளையிடம் கேட்டார். "அடியிலேயேதான் நிக்கும், ஏறவே ஏறாது" என்றான் அவன். அதை நாங்கள் பெருமையாக நினைத்திருந்தோம்!

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தெர்மோஸ்டாட் என்றொரு சிறு வால்வு உண்டு. எஞ்சின் தண்ணீர் ஏறத்தாழ எண்பது பாகை செல்சியசைத் தாண்டும்வரை மூடியிருந்து, பிறகு திறக்கும். எஞ்சின் விரைவில் தகுந்த சூட்டுக்கு வரவும், அந்தச் சூட்டிலேயே நிற்கவும் அதுதான் காவல். நம் பக்கத்துப் பட்டறைகள் பலவற்றில், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எங்கள் காரிலும் அது இல்லை. என்றைக்குக் கழற்றினார்களோ! எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் நன்றாக ஆவியாகாது. ஆயிலும் கெட்டியாக நின்று எஞ்சினைத் தேய்க்கும். கார்புரேட்டர் இல்லாத, பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய வகை எஞ்சின்களில் கெடுதல் இன்னும் அதிகம்; அவற்றின் கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி, வழி நெடுகக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அவ்வகைக் கார்களில் வெப்பத்தை அளக்கும் சென்சாரும், புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரும் பழுதானாலும் இதே விளைவுதான். டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காமல் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட் பொருத்திய பிறகு கிடைத்தது லிட்டருக்கு 14.9. அதற்கு மேல் ஏறவில்லை.

கடைசி ஒரு கிலோமீட்டர்

பழைய பதினாறு ஏன் வரவில்லை? இதற்குக் காரணம் காரில் இல்லை, பெட்ரோலில் இருக்கிறது. நம் நாட்டில் கரும்பு, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கிறார்கள். 2022இல் நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியது, 2025இல் இருபதாயிற்று. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள எரிசக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் உண்டு. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், மொத்தத்தில் ஏழு சதவீதம் வரை சக்தி குறையும். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட கார்களில் மைலேஜ் ஆறு முதல் ஏழு சதவீதம் குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. பதினாறில் ஏழு சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். எங்கள் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

இறக்குமதி எண்ணெய்க்கான அந்நியச் செலவாணி மிச்சமாவதும், விவசாயிக்கு விலை கிடைப்பதும் நல்லவைதாம். ஆனால், பழைய வண்டிக்காரன் அதே விலையைக் கொடுத்துக் குறைந்த சக்தியைப் பெறுகிறான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் நாளடைவில் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்க் துருப்பிடிக்க இடமுண்டு. எங்கள் ஊசி வால்வின் முனை தேய்ந்ததற்கு எத்தனால் காரணமா, வயது காரணமா என்று கேட்டேன். "ரெண்டும்தான் பாய்" என்று முடித்துவிட்டார் பெரியவர். பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிக்கொண்டோம். டாங்கை அரைக்குக் கீழே விட்டு நாள்கணக்கில் நிறுத்துவதில்லை.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டு வீடுகளின் வாசலில் இன்னும் அவை நிற்கின்றன. 2014இல் உற்பத்தி நின்றுபோனாலும் மேலே சொன்ன சோதனைகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும். ஆனால், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டியிடம் மாருதியின் மைலேஜை எதிர்பார்ப்பது நியாயமன்று. எந்தக் காராயினும், எண்பது கிலோமீட்டர் வேகத்தைவிட 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் நாற்பது சதவீதம் வரை கூடுதல் தூரம் கிடைக்கும் என்று பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. எங்கள் பிள்ளை முன்பே அந்த வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் முதுகுக்காக.

அவன் வீட்டுக்கு ஒரு நாள் மக்ரிபுக்குப் பிறகு போனேன். அவனுடைய தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவனிடம், "நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்ப்பா. என்னை மன்னிச்சுக்க" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் ஹஜ்ரத் முன்னாடியே சொல்லியிருக்கணும். வண்டி இழுக்கலேன்னு எனக்குத் தெரியும். சொன்னா, ஓட்டத் தெரியலேன்னு நினைப்பீங்களோன்னு இருந்துட்டேன்" என்றான். தேநீர் ஆறிப்போகும்வரை இருவரும் வேறொன்றும் பேசவில்லை.

பட்டறைக்கும் சாமான்களுக்குமாக ஆன செலவு நான்காயிரத்துச் சொச்சம். மாதம் ஆயிரத்துக்கு மேல் மிச்சமாவதால் நான்கைந்து மாதத்தில் அது அடைபட்டுவிடும். இப்போது காரின் டாஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. என் மனைவி கோடு போட்டுக் கொடுத்தது. தேதி, மீட்டர், லிட்டர், டயர் காற்று, டெம்பரேச்சர் முள் நிற்கும் இடம் என ஐந்து கட்டங்கள். கையெழுத்து அந்தப் பிள்ளையுடையது. சென்ற வியாழக்கிழமை மதுரை போய் வந்ததும் எழுதியிருந்தான்: 181 கிலோமீட்டர், 12.1 லிட்டர். அதற்குக் கீழே ஒரு வரி: "பின் சக்கரம் இடது, லேசான சத்தம். பேரிங் பார்க்கணும்."